லாட்டரிப் பணத்தில் எழுந்த காலாங் மைதானம் | கடலூரிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம் மக்களே! கடலூர் அண்ணா விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் வாக்கிங் போகிறவர்களின் பேச்சும் விசில் சத்தமும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேசப்போவது இந்த மைதானத்தைப் பற்றி இல்லை. சிங்கப்பூர் காலாங்கில் இருந்த பழைய நேஷனல் ஸ்டேடியத்தைப் பற்றி. இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள்.

அங்கே இருந்ததற்கு இங்கே ஏன் வீடியோ என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூர் போய் வந்திருப்பார். எங்கள் மாமாவும் அப்படித்தான். ஊருக்கு வந்தால் சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டார், காலாங்கில் பார்த்த ஃபுட்பால் மேட்சைப் பற்றித்தான் பேசுவார். அதைக் கேட்டுத்தான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனிநாடு ஆகிறது. அடுத்த வருடம் டிசம்பரிலேயே மைதான வேலை தொடங்கிவிட்டது. 1937 முதல் 1955 வரை விமான நிலையம் இருந்த காலாங் பகுதியில்தான் இடம். புது நாடு, தலைக்கு மேல் ஆயிரம் செலவு, ஸ்டேடியத்துக்குப் பணம்? லாட்டரி! 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்று அரசே ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தது. சட்டவிரோதச் சூதாட்டத்துக்குப் போகிற காசை இந்தப் பக்கம் திருப்புவதுதான் நோக்கம். டோட்டோ என்ற எண் லாட்டரியும் 1969இல் வந்த சிங்கப்பூர் ஸ்வீப் சீட்டும் விற்ற பணத்தில் ஒரு பங்கு மைதானத்துக்குப் போனது. அதே 1968இல் நம் ஊரிலும் அண்ணா ஆட்சியில் அரசு லாட்டரி வந்தது, ஞாபகம் இருக்கா? ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’. நாம் 2003இல் தடை போட்டுவிட்டோம். என்னைக் கேட்டால் அந்தத் தடை சரிதான். ஆனால் அங்கே பரிசு விழாத சீட்டுக்கும் ஒரு மைதானம் கிடைத்தது.

1973 ஜூலை 21, பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். 55,000 பேர் உட்காரலாம். அந்த செப்டம்பரிலேயே தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள். அப்புறம் அங்கே நடக்காதது எது? பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம், 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் நடத்திய திருப்பலி, 1993இல் மைக்கேல் ஜாக்சன் கச்சேரி, 1976 முதல் 2006 வரை 18 தேசிய தின அணிவகுப்புகள். கல்யாண மண்டபம் மாதிரி, யார் வந்தாலும் இடம் உண்டு.

ஆனால் மைதானத்துக்கு உயிர் கொடுத்தது ஃபுட்பால். அதில் நம் ஆள் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. என். கணேசன், வழக்கறிஞர். சிங்கப்பூர் கால்பந்து சங்கத் தலைவராக இருந்தவர். அதுவரை ஜாலான் புசார் என்ற சின்ன மைதானத்தில் நடந்த, மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் மோதிய மலேசியா கோப்பை ஆட்டங்களைத் துணிந்து காலாங்குக்கு மாற்றினார். அத்தனை பெரிய மைதானம் காலியாகக் கிடந்தால் மானம் போகும். ஆனால் கூட்டம் பொங்கி வழிந்தது. 1977இல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அணியின் கேப்டன் சமது அல்லாபிச்சை. பெயரைக் கேட்டதும் நம் பக்கத்துக் காது நிமிரும்.

‘காலாங் ரோர்’ என்று ஒன்று சொல்வார்கள், அந்தக் கூட்டத்தின் முழக்கம். ஆட்டத்துக்கும் ரசிகனுக்கும் நடுவில் தடகளப் பாதை கிடக்கிறது. அதனால் ஆட்டம் தள்ளித்தான் தெரியும். பல வேலைக்கும் ஒரே மைதானம் கட்டினால் வருகிற தொல்லை இது. ஆனால் காலாங்கில் பெரும்பாலோர் உட்கார்ந்தது மரப்பலகை பெஞ்சுகளில். தனித்தனி நாற்காலி கிடையாது. பக்கத்து ஆள் எழுந்தால் உங்கள் பலகையும் ஆடும். மாமா சொல்வார், ‘கோல் விழுந்தா நாம எழுந்திரிக்க வேண்டாம்டா, பலகையே தூக்கி விட்டுடும்’. எனக்கு அவர் ஃபுட்பால் அறிவில் நம்பிக்கை குறைவு, ஆனால் இதை நம்புகிறேன்.

2007 ஜனவரியில் தாய்லாந்துடன், தென்கிழக்காசிய நாடுகள் மோதும் ஆசியான் சாம்பியன்ஷிப் இறுதியின் முதல் ஆட்டம். 1-1 என்று இருக்கும்போது கடைசிக் கட்டத்தில் சிங்கப்பூருக்கு பெனால்டி. தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோபத்தில் வெளியேறி, கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. திரும்பி வந்தார்கள், பெனால்டி கோல், 2-1.

அதே வருடம் ஜூன் 30, ஆஸ்திரேலியாவிடம் 0-3 தோல்வியோடு வழியனுப்பு விழா. சரி, மறுநாளே புல்டோசர் வந்ததா என்றால், அதுதான் இல்லை! 2008 பொருளாதார நெருக்கடியில் புதுத் திட்டம் இழுத்துக்கொண்டே போக, வழியனுப்பிய மைதானத்திலேயே திரும்பவும் ஆட்டங்கள் நடந்தன. 2010இல்தான் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பலகைகளில் ஒரு பகுதியை எடுத்துப் பொது இடங்களில் பெஞ்சாகப் போட்டிருக்கிறார்கள்.

2014இல் அதே காலாங்கில் புது ஸ்டேடியம். 310 மீட்டர் அகலக் குவிமாடம், திறந்து மூடும் கூரை, ஃபுட்பால் நடக்கும்போது தரைக்குப் பக்கமாக நகர்ந்து வரும் இருக்கைகள். பழைய தடகளப் பாதைத் தொல்லைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் கூரை நிழலில் புல் சரியாக வளரவில்லை. அந்த அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியது மணல் தெரியும் தரையில். 2016 தேசிய தினத்துக்கு, கூரை காரணமாகப் பாராசூட் வீரர்கள் உள்ளே குதிக்கவும் முடியவில்லை. பழையதில் வானம் திறந்தே இருந்தது. எல்லா வேலைக்கும் ஏற்ற மைதானம் எது என்று கேட்டால், நான் பழையதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சிங்கப்பூரில் இருக்கிற நம்மவர்கள் புது ஸ்டேடியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எம்ஆர்டி ரயிலின் சர்க்கிள் லைனில் ஏறி ‘ஸ்டேடியம்’ நிலையத்தில் இறங்குங்கள். அடுத்த வீடியோ புதுச்சேரி உப்பளம், இந்திரா காந்தி விளையாட்டரங்கத்திலிருந்து. பார்க்கலாம் மக்களே!