யானை கட்சிக்காரன் பேசுதேன்

நடுவர் அண்ணாச்சிக்கும் செங்கோட்டை சனத்துக்கும் வணக்கம். அந்தக் காலத்துல மலையிலருந்து மரத்த இறக்குனதுல பெரும்பங்கு ஆவி இன்ஜினுக்கா, யானைக்கும் ஆளுக்குமான்னு தலைப்பு. நான் யானை கட்சி. எதிரணி அண்ணாச்சி 1904ல நம்ம ஊருலருந்து புனலூருக்கு ரயில் விட்டதுல ஆரம்பிச்சு, பதிமூணு கண் பாலத்துல ஒரு ரவுண்டு அடிச்சு, அப்படியே கலிபோர்னியாவுக்கும் போயிட்டு வந்துட்டாவ, டிக்கெட் எடுத்தாவளான்னு தெரியல. ரயிலால மரக்கடைக்கு லாபம்தான், ஒத்துக்கிடுதேன். மரம் ஸ்டேஷனுக்கு தானா நடந்தா வந்துச்சு?

பறம்பிக்குளத்தையே எடுத்துக்கிடுங்க, கொச்சி சமஸ்தானம் அங்கருந்து சாலக்குடி வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, 1907லருந்து ஜெர்மனி இன்ஜின வச்சு தேக்கு இறக்குனாவன்னு சொல்லி கைதட்டு வாங்கிட்டாவ. மிச்சத்த நான் சொல்லுதேன். செங்குத்தா சரிவு வந்தா இன்ஜினுக்கு அங்க வேலையே இல்ல. கிணத்து ராட்டுல ரெண்டு பக்கமும் வாளி கட்டுனா ஒண்ணு இறங்க ஒண்ணு ஏறும்லா, அதே கதைதான், மரம் ஏத்துன வண்டி கயித்துல கீழ இறங்கும், அந்த இழுப்புல காலி வண்டி மேல ஏறும், பிரேக்க பிடிக்க ஒரு ஆளு. இதுல ஆவி எங்க இருக்கு? மரத்தோட கனம்தான் வேல பாத்திருக்கு! காட்டுக்குள்ள வெட்டிப் போட்ட தடிய தண்டவாளம் வரைக்கும் சேத்தது யாருங்கீய? யானை. கயித்த பல்லால கடிச்சு, தலைய ஒரு பக்கமா சாச்சு இழுக்கும், தடி கல்லுல சிக்குனா பாகன் சொல்லுக்கு முன்னாடியே நின்னு காலால தள்ளிவிடும். எந்த இன்ஜினுக்குவே அந்த அறிவு இருக்கு?

இப்ப கலிபோர்னியாவுக்கு வாரேன். 1881ல ஜான் டோல்பியர்னு ஒருத்தர் மரம் இழுக்க ஆவி மிஷின் செஞ்சாருன்னாவ. நெசம்தான். அதுக்கு பேரு என்ன தெரியுமா, டாங்கி, நம்ம ஊரு கழுத! அந்தக் கழுதைக்கு வெறகு வெட்ட ஒரு ஆளு, தண்ணி கொண்டாற ஒரு ஆளு, இழுத்து முடிஞ்ச கயித்த திரும்ப காட்டுக்குள்ள கொண்டு போக, சிரிக்காதீய, ஒரு குதிர. அண்ணாச்சி, குதிரை இல்லாம கழுதை ஓடல!

எங்க தாத்தா இங்கதான் மரக்கடையில தடி ஏத்துனவரு. சட்டைய கழத்துனா வலது தோளு மட்டும் காப்பு காய்ச்சி, மாட்டுத் திமிலு மாதிரி இருக்கும், நான் சின்னப்புள்ளையில தொட்டுப் பாத்திருக்கேன். வேகன்ல தடி ஏறுனது அந்தத் தோளுல. எதிரணியில அடுத்து பேச வாரவுக வேற எதுவும் பேச வேண்டாம், பறம்பிக்குளம் சரிவுல இன்ஜின் என்ன செஞ்சிட்டு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காரட்டும்.