பதினைந்தாவதாக வந்தவருக்கும் ஒரு நேரம் உண்டு

(பள்ளி விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் காலையிலேயே வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, காசு வாங்காமல் பந்தல் போட்டுக் கொடுத்த அன்பர் அவர்களே (பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் விடுகிறேன்), நேற்று இருட்டும்வரை குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே.

நீண்ட தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேகத்தை எப்படிப் பங்கிட்டு ஓடுவது, ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிடுவது, ஷூ எப்படிப் பார்த்து வாங்குவது, இந்த மூன்றையும் கேட்டார்கள். அதற்கு முன், ஓடி முடிக்கிறவர்களின் நேரத்தைக் குறிப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு நான் எதில் ஆரம்பிப்பேன் என்று தெரியும். பதறாத காரியம் சிதறாது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பழைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்.

நம் புதுக்கோட்டைக் கவிநாட்டுப் பிள்ளை கோ. லட்சுமணன், 2017 ஜூலையில் புவனேஸ்வரம் கலிங்கா மைதானத்தில் நடந்த ஆசிய தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. அந்த 5,000 மீட்டரை அவர் ஓடி முடித்தது 14 நிமிடம் 54.48 விநாடியில். அடுத்த மாதமே லண்டனில் உலகப் போட்டி. அங்கே தகுதிச் சுற்றோடு வெளியே வந்துவிட்டார், அந்தச் சுற்றில் 15-ஆவது இடம். நேரம் எவ்வளவு தெரியுமா? 13 நிமிடம் 35.69 விநாடி!

தங்கம் வாங்கிய ஓட்டத்தைவிட, தோற்ற ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேகம். அதுதான் அவருடைய பெர்சனல் பெஸ்ட், அதாவது அதுவரை அவர் ஓடியதிலேயே சிறந்த நேரம். 400 மீட்டர் மைதானத்தின் பன்னிரண்டரைச் சுற்றையும் சுற்றுக்குச் சுமார் 65 விநாடி என்ற கணக்கில் ஓடியிருக்கிறார். புவனேஸ்வரத்தில் அது 71-க்கு மேல். ஜூலைப் புழுக்கத்தில் பதக்கத்துக்காக ஓடும்போது முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள யாருக்கும் மனம் வராது, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். லண்டனில் அப்படியில்லை. தன்னைவிட வேகமானவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், இவரும் பதறாமல் கூடவே போனார்.

அதே ஊர்ப் பெண் சூர்யாவும் 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் 13-ஆவதாகத்தான் வந்தார். 32 நிமிடம் 23.56 விநாடி, அவருக்கும் அதுவரை ஓடியதில் அதுதான் சிறந்த நேரம். 2025 மார்ச்சில் கலிபோர்னியாவில் குல்வீர் சிங் அதே 10,000 மீட்டரை 27 நிமிடம் 0.22 விநாடியில் ஓடித் தேசிய சாதனை செய்தாரே, அவரும் அங்கே முதலில் வரவில்லை.

முதலில் வராவிட்டாலும் இவர்கள் நேரத்தை அங்கே குறித்து வைத்தார்கள். இப்போது நம் பள்ளிப் போட்டிக்கு வாருங்கள். முதல் மூன்று பேருக்குத்தான் கடிகாரம். நான்காவதாக வருகிறவன் கோட்டைத் தாண்டும்போது நடுவர் அடுத்த போட்டிக்கு விசிலைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு கதை சொல்கிறேன், ஊர் வேண்டாம். 200 மீட்டர் மைதானம், 3,000 மீட்டர் ஓட்டம், மொத்தம் பதினைந்து சுற்று. பாதி ஓட்டத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வாசலில் வந்து நின்றது. மேளம், பொன்னாடை, ரோஜா மாலை. சுற்று எண்ணிக்கொண்டிருந்தவர் மாலையை எடுக்க ஓடிவிட்டார். பையன்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முன்னால் ஓடுகிறவன், "சார், இன்னும் எத்தனை?" என்று கத்துகிறான். "ஓடுப்பா, ஓடு!" என்கிறார்கள். விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றினார், அவர்கள் ஓடினார்கள். கொடி ஏற்றினார், ஓடினார்கள். புறா ஒன்று பறக்காமல் கையிலேயே உட்கார்ந்துகொண்டது, அதற்கும் ஒரு சுற்று. நான்காவதாக ஓடிய ஒரு சின்னப் பையன் மட்டும் கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டான். ஏன்டா நின்றாய் என்று அதட்டினார்கள். உள்ளங்கையை விரித்துக் காட்டினான், காலி. பதினைந்து புளியங்கொட்டையோடு கிளம்பி, சுற்றுக்கு ஒன்றாகக் கோட்டருகே போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். குனிந்து பொறுக்கி எண்ணினால், சரியாகப் பதினைந்து! பதறாத காரியம் சிதறாது என்று இதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் ஓட்டத்தை முடிக்கவில்லை என்று அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அவன் அதற்கு அழவில்லை. "சார், என் டைம் எவ்வளவு?" என்று மேசை மேசையாகப் போய்க் கேட்டான். யாரிடமும் இல்லை.

பழைய நேரம் தெரியாதவன் எதை முறியடிப்பான்? எட்டாம் வகுப்பில் 13 நிமிடம், ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டரை என்று ஒரு சீட்டு கையில் இருந்தால், பத்தாவதாக வருகிறவனும் மறுநாள் காலை மைதானத்துக்கு வருவான். அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: நீண்ட தூரத்தை ஓடி முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரம் எழுதிக் கொடுங்கள்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒருவர் கோட்டருகே நின்று ஒவ்வொருவரும் தாண்டும்போது லேப் பட்டனை அழுத்தட்டும், பக்கத்தில் ஒருவர் வந்த வரிசைப்படி நெஞ்சு எண்ணை எழுதட்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சீட்டு எழுதிவிடலாம். சுற்று எண்ண இன்னொருவர் தனியாக வேண்டும், யார் கார் வந்தாலும் அவர் நகரக் கூடாது. பேரூராட்சித் தலைவர் தவறாக நினைக்க மாட்டார், அவர் நடந்தே வந்தவர்.

நாளைக் காலை இங்கே 3,000 மீட்டர் இருக்கிறது. தலைமையாசிரியர் அம்மா அனுமதித்தால் பட்டனை நானே அழுத்துகிறேன், எழுத ஒரு பிள்ளையை மட்டும் தாருங்கள். அம்மா தலையசைக்கிறார்கள், சரி என்றே எடுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டையும் ஷூவையும் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் மேடைக்குப் பின்னால் வாருங்கள், பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.