யானை கால்நடை, நாய் கால்நடை இல்லை! உங்கள் நாய் அடுத்தவர் பொருளைக் கெடுத்தால் காசு யார் கொடுப்பது?

(காட்சி: இரும்பு கேட். அதில் துருப்பிடித்த 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. நாயைக் காணோம்.)

1871ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்னும் நம் நாட்டில் இருக்கிறது. அதன்படி யானை கால்நடை. ஒட்டகம் கால்நடை. குதிரை, கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி எல்லாமே கால்நடை. நாய் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நான்கு கால் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே நடக்கிறது, ஆனாலும் கால்நடை இல்லை!

சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் நாய் கீழ் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சீட்டைக் குதறிவிட்டால் தண்டம் யார் அழுவது என்ற சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வணக்கம். எனக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதற்குக் காரணம் மணி. எங்கள் வீட்டு நாய். நாட்டு நாய்தான், செம்பட்டை நிறம், இடது காது மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும். (காட்சி: மணியின் படம். தயவுசெய்து யாரும் 'சோ க்யூட்' என்று கமெண்ட் போடாதீர்கள், கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.)

போன சித்திரையில் ஒரு நாள் காலை, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். இறங்கி வரும்போது கதவைச் சாத்தவில்லை. அங்கே இரண்டாம் மாடிப் பாட்டி விடியற்காலையில் கிண்டிப் பிழிந்த கூழ் வடகம், பழைய வேட்டியில் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பச்சரிசி மாவு, ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சம்பழம். மேலே லேசாகக் காய்ந்து, உள்ளே இன்னும் பிசுபிசுவென்று இருக்கும் பருவம். அந்தப் பருவத்து வடகத்தைச் சின்ன வயதில் நானே திருடித் தின்றிருக்கிறேன். அதனால் மணியின் மனநிலை எனக்குப் புரிகிறது.

நான் மறுபடி மேலே போனபோது இரண்டு வரிசை காலி. மூன்றாவது வரிசையின் மேல் மணி படுத்திருந்தது. வயிற்று முடியில் நாலைந்து வடகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டி வந்தார். வேட்டியைப் பார்த்தார். மணியைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "கதவைத் திறந்து போட்டது யாருடா?"

சட்டத்தில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சரி, நம் ஊர்ச் சட்டத்தை வேகமாகப் பார்த்துவிடலாம், எனக்குப் பிடித்த இடம் ரோமாபுரியில் இருக்கிறது.

அந்த 1871 சட்டம், கால்நடை அத்துமீறல் பற்றியது. அடுத்தவர் மாடு உங்கள் வயலில் இறங்கி மேய்ந்தால் நீங்களே பிடித்து 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பலாம். மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க முடியும். நாய்க்கு அப்படி ஒரு பட்டியும் கிடையாது, அவ்வளவு சுருக்கு வழியும் கிடையாது.

போலீஸுக்குப் போகலாமா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆவது பிரிவு இருக்கிறது. வளர்க்கும் விலங்கை அசட்டையாக விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலரும் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். மீதியையும் படிக்க வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து, அல்லது கொடுங்காயம் ஏற்படும் ஆபத்து. அவ்வளவுதான். வடகத்துக்கு ஆபத்து என்று அதில் இல்லை. 324ஆவது பிரிவு சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைப் பற்றியது. ஆனால் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். 'போடா மணி, அந்த சீட்டைக் கிழி' என்று நீங்கள் ஏவிவிட்டிருந்தால் ஒழிய அது நிற்பது கஷ்டம்.

ஆனால் அடுத்த பிரிவை, 325ஐ, நஷ்டப்பட்டவர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் பிஸ்கட்டில் விஷம் வைத்து நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை. செருப்பைக் கடித்த நாயின் சொந்தக்காரர் வீட்டில் இருப்பார், செருப்பின் சொந்தக்காரர் உள்ளே இருப்பார். ஒரு ஜோடி செருப்புக்கு இது தேவையா?

மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. நஷ்டஈடு. இதற்குத் தனிச் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த நீதிமன்ற மரபுதான். புலி, சிங்கம் மாதிரி காட்டு விலங்கை வளர்த்தால், அது என்ன செய்தாலும் வளர்த்தவர் தலையில். நாய், பூனை வீட்டு விலங்கு, ஆகவே இரண்டு கேள்வி. இந்த நாய்க்கு இந்தக் கெட்ட பழக்கம் இருப்பது சொந்தக்காரருக்கு முன்னமே தெரியுமா? இல்லாவிட்டால், அவர் அசட்டையாக இருந்தாரா? அதாவது, கதவைத் திறந்து போட்டது யாருடா?

முதல் கேள்வியால்தான் 'முதல் கடி இலவசம்' என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. முதல் தடவை சீட்டைக் கிழித்தபோது 'எங்க டைகர் அப்படிச் செய்யவே செய்யாதுங்க' என்று சொல்லலாம். இரண்டாம் தடவை அந்த வசனம் எடுபடாது. பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னும் சொகுசு. 1926இல் இங்கிலாந்தில் ஒரு பூனை பக்கத்து வீட்டுப் புறாக்களையும் கோழிகளையும் கொன்றது. பறவையைப் பிடிப்பது பூனையின் சுபாவம், சொந்தக்காரர் பொறுப்பில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இப்போது அந்த 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. நம் தெருவில் பாதி வீட்டில் பலகை இருக்கும், நாய் இருக்காது. அது திருடனுக்கு. நாய் நிஜமாகவே இருக்கும் வீட்டில், 'நாங்கதான் எச்சரிச்சோமே' என்று பலகையைக் காட்டுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் அதையே திருப்பிப் போடுவார்: 'ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாய் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அப்புறம் கேட்டை ஏன் திறந்து வைத்தீர்கள்?'

இந்தப் பலகையும் புதுச் சரக்கு இல்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்தில், ஒரு வீட்டு வாசலில் சங்கிலி கட்டிய கறுப்பு நாயைச் சில்லுக் கற்களில் பதித்து, கீழே 'நாய் ஜாக்கிரதை' என்று லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். (காட்சி: பாம்பெய் தரைச் சித்திரம். பல்லைப் பாருங்கள்!)

வந்துவிட்டோம் ரோமாபுரிக்கு. தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் இப்போதே குடித்துவிடுங்கள்.

கி.மு. 450 வாக்கில் வந்த ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு விதி. உன் விலங்கு அடுத்தவருக்கு நஷ்டம் செய்தால் இரண்டில் ஒன்று செய்: நஷ்டத்தைக் கட்டு, அல்லது அந்த விலங்கையே அவரிடம் ஒப்படை. யோசித்துப் பாருங்கள். உங்கள் நாய் பதினைந்தாயிரம் ரூபாய் சோபாவை நாசம் செய்துவிட்டது. பணம் இல்லையா? நாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். சோபாவும் போய், அதைக் கிழித்த நாயும் அவர் வீட்டுக்கே வந்து சேர்கிறது. இது நஷ்டஈடா, இரண்டாவது தண்டனையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உல்பியன் என்ற சட்ட அறிஞர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்காரர், இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். விலங்குக்குப் பகுத்தறிவு இல்லை, அதனால் அது குற்றம் செய்ய முடியாது. குற்றவாளி இல்லாத நஷ்டம். அதற்காக நஷ்டத்தை அப்பாவியான பக்கத்து வீட்டுக்காரர் சுமக்க வேண்டுமா? வேண்டாம், விலங்கின் சொந்தக்காரரே சுமக்கட்டும். எனக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நம் நீதிமன்ற மரபைவிட இதுதான் நேர்மை என்பேன். 'உனக்குத் தெரியுமா தெரியாதா' என்ற வாக்குவாதமே கிடையாது.

அதே உல்பியன் நாயை நடத்திக்கொண்டு போவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நாய் கையிலிருந்து திமிறிப் போய் ஒருவருக்குக் கேடு செய்துவிட்டது. வேறொருவர் பிடித்திருந்தால் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார் என்றாலோ, அந்த வழியாக அந்த நாயைக் கூட்டிப்போயிருக்கவே கூடாது என்றாலோ, அப்போது நாயை ஒப்படைக்கும் விதி பொருந்தாது. கயிற்றைப் பிடித்த ஆள்தான் பொறுப்பு. 1800 வருடத்துக்கு முன்னால்! காலையில் பார்க்கில் ஒரு கையில் செல்போன், சுண்டுவிரலில் நாய்க் கயிறு என்று நடக்கும் அண்ணன்மாரே, உல்பியன் உங்களைத்தான் பார்த்து எழுதியிருக்கிறார்.

இரண்டு கிடாய் முட்டிக்கொண்டு ஒன்று செத்துவிட்டால்? அதற்கும் தீர்ப்பு இருக்கிறது. முதலில் பாய்ந்த கிடாய் செத்தால் வழக்கு இல்லை. சும்மா நின்ற கிடாய் செத்தால் வழக்கு உண்டு. வடிவேலு காமெடி மாதிரி 'முதல்ல யார் முட்டுனது' என்று சாட்சி விசாரித்திருப்பார்கள் போல.

இதைவிட அருமையான ஒன்று பாக்கி. பொறுப்பு யாருக்கு? சேதம் நடந்தபோது விலங்கு யாரிடம் இருந்ததோ அவருக்கு இல்லை, இப்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு! சேதக் கடன் விலங்கோடு ஒட்டிக்கொண்டே போகும். போன வாரம் ஒருவர் வீட்டுப் பானையையெல்லாம் உடைத்த நாயை இன்று நீங்கள் ஆசையாக வாங்கினால், பானைக்காரர் நாளை உங்கள் வாசலில் வந்து நிற்பார். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போம் இல்லையா? ரோமாபுரியில் நாய்க்கும் வில்லங்கம் பார்த்திருக்க வேண்டும். 'முப்பது வருட வில்லங்கம் போட்டாச்சு சார், நாய் க்ளியர்.'

செத்துப்போன ஊரின் செத்துப்போன சட்டம் என்று நினைக்காதீர்கள். ரோமானியச் சட்டமும் டச்சுக்காரர்களின் வழக்கமும் கலந்த ரோமன் டச்சுச் சட்டம் வழியாக இது தென்னாப்பிரிக்காவுக்குப் போய், 1927இல் அந்த நாட்டு உச்ச மேல்முறையீட்டு அமர்வு 'இந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று உறுதி செய்தது. நாயை ஒப்படைக்கும் சலுகை மட்டும் காணாமல் போய்விட்டது.

ஜெர்மனியில் 1900 முதல் நடப்பில் இருக்கும் சிவில் சட்டத்தில் 833ஆவது பிரிவு. ஆசைக்கு வளர்க்கும் நாய் என்றால், உங்கள் தப்பு இருக்கிறதோ இல்லையோ, சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு. ஆடு மேய்க்கும் நாய் மாதிரி பிழைப்புக்கு உதவும் நாய் என்றால், போதிய கவனத்தோடு இருந்தேன் என்று நிரூபித்துத் தப்பிக்கலாம். வேலைக்குப் போகும் நாய்க்கு மரியாதை, சோபாவில் தூங்கும் நாய்க்கு இல்லை. பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் நாய்க்குப் பொறுப்புக் காப்பீடே கட்டாயம். நம் ஊரிலும் சில செல்லப்பிராணி பாலிசிகளில் மூன்றாம் நபருக்கு ஆகும் சேதம் சேர்ந்து வருகிறது. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேர் எதிர்ப் பக்கம் மனுஸ்மிருதி. வயலுக்கு வேலி போடுவது வயல்காரன் வேலை என்கிறது. எவ்வளவு உயரம்? ஒட்டகம் எட்டிப் பார்க்க முடியாத உயரம். நாயோ பன்றியோ தலையை நுழைக்கும் ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. வேலி இல்லாத வயலை மாடு மேய்ந்தால் மேய்ப்பவனுக்குத் தண்டனை இல்லை. இதைப் பாட்டியிடம் சொல்லி, 'வடகத்தைச் சுற்றி ஒட்டக உயரத்துக்கு வேலி போட்டிருக்கலாமே' என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சரி, எவ்வளவு கேட்கலாம்? மூன்று வருடம் ஓட்டிய ஸ்கூட்டரின் சீட் கிழிந்தால் புது ஸ்கூட்டர் கேட்க முடியாது. சீட் கவர் கடையில் ரெக்சின் மாற்றும் செலவு, ஃபோமும் போயிருந்தால் அதுவும். கடைக்காரரிடம் பில் வாங்குங்கள், கிழிந்த சீட்டைப் போட்டோ எடுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். வழக்குப் போட மூன்று வருடம் கெடு. அதற்கு முன்னால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம், அங்கே கட்டணம் இல்லை. வாடகை வீட்டில் நாய் கதவைப் பிறாண்டியிருந்தால் எந்த நீதிமன்றமும் வேண்டாம், வீட்டுக்காரரே அட்வான்சில் கழித்துவிடுவார்.

வடகத்துக்கு வருவோம். மணி தின்றது இரண்டு வரிசை, படுத்தது ஒரு வரிசை. மொத்தம் பதினொரு வரிசை. மீதி எட்டு வரிசைக்கும் நான் காசு கொடுக்க வேண்டுமா? மணி அதைத் தொட்டதா, நக்கியதா, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வடகத்தை நீங்கள் பொரித்துத் தின்பீர்களா? அதனால் பதினொரு வரிசையும் என் கணக்கில்தான் என்று ஒத்துக்கொண்டேன். மாற்றுக் கருத்து உள்ள வக்கீல்கள் கமெண்டில் வாருங்கள், சப்ஸ்கிரைப் செய்துவிட்டு வந்தால் இன்னும் மரியாதை.

ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் பன்னிரண்டு பலகைச் சட்டத்தைப் படித்து முடித்திருந்த திமிரில், "பாட்டி, காசு வேணுமா, மணி வேணுமா?" என்று கேட்டேன்.

"மணி எனக்கு எதுக்கு? அதுக்கு யாரு சோறு போடறது? மாவு நான் கிண்டிக்கறேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீ மாடிக்கு வா. குடையும் ஒரு குச்சியும் எடுத்துட்டு வா."

இரண்டு நாள் காக்கா ஓட்டினேன். மாடிக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மணி பிறாண்டிக்கொண்டே இருந்தது.