ஊறின தண்ணீரைக் கீழே கொட்டுங்கள்

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது, கொஞ்சம் திருத்தி எழுதியது)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் சர்க்கரை வியாதி, அதற்கு முந்தின மாதம் கண்புரை, இரண்டுக்கும் டாக்டர்கள் வந்தார்கள். இந்த மாதம் வாய்வு என்றதும் செயலாளர் சிரித்துக்கொண்டே "அதை நீங்களே பேசிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் டாக்டர் இல்லை. 22 வருடம் மெஸ் நடத்தியவன், தினமும் நூறு வயிற்றுக்குப் பதில் சொன்னவன்.

ஒருநாள் ராத்திரி மொச்சை ஊறப்போட மறந்துபோனோம். காலையில் மாஸ்டர் "கவலைப்படாதீங்க முதலாளி" என்று சோடா உப்பை அள்ளிப் போட்டு வேகவைத்தார். தோல் குழைந்து கூழாகிவிட்டது, உள்ளே பருப்பு நறுக்நறுக்கென்றே இருந்தது, அதையே கத்தரிக்காயோடு குழம்பு வைத்துப் போட்டோம். சாயந்திரம் ஒரு காலேஜ் பையன் வந்து, "அண்ணே, மத்தியானம் கிளாஸ்ல ஜன்னல் பக்கம் உட்காரத்தான் சண்டையே" என்றான். அன்றைக்குத்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பயறு, பருப்பு, கடலை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற என்சைம் நம் சிறுகுடலில் கிடையாது. உங்களுக்கு வயசாகிவிட்டதால் இல்லை என்று நினைக்காதீர்கள், உங்கள் பேரனுக்கும் கிடையாது. அதனால் அது உடையாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது விருந்து, அவை தின்று தீர்த்துவிட்டு ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் விடுகின்றன. இதற்கெல்லாம் வாசனை இல்லை. நாற்றம் கந்தகத்தால் வருவது, அதற்கு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி காரணம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை காற்றுப் பிரிவது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான், ஒத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

சரி, இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையைக் காலையில் பாருங்கள், தண்ணீர் மங்கலாக மஞ்சளித்து, மேலே நுரை ஓரமாக ஒதுங்கியிருக்கும், விரலால் தொட்டால் லேசாக வழுக்கும். அந்தத் தண்ணீரோடு அப்படியே குக்கரில் ஏற்றுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். "சத்து போயிடும்" என்பார்கள். கொஞ்சம் போகும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வயிறு உப்பி, அடுத்த ஒரு மாதத்துக்குச் சுண்டலே வேண்டாம் என்று தள்ளிவைப்பதைவிட அந்தக் கொஞ்சம் போனால் பரவாயில்லை. எட்டு மணி நேரம் ஊறட்டும், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள், காலையில் கொட்டிவிட்டு இரண்டு அலசு அலசிப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். மறந்துவிட்டால் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடிவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது, முளைக்கிறபோது விதையே அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழித்துவிடும்.

அப்புறம் வேக்காடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். நவராத்திரி அவசரத்தில் எடுக்கிற சுண்டல் பல்லில் கடிபடும், அதுதான் ராத்திரி வேலையைக் காட்டும். புளியை முன்னாலேயே ஊற்றாதீர்கள், புளி விழுந்தால் பயறு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சோடா உப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி, சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும், ருசியும் சோப்பு மாதிரி ஆகிவிடும். ராஜ்மா மட்டும் தனி விவகாரம். அது அரைவேக்காடாக இருந்தால் கேஸ் இல்லை, வாந்தியும் வயிற்றுப்போக்குமே வரும், அதிலுள்ள ஒரு நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குக்கரில் முழுசாக வேகவைத்துவிட்டால் பயமில்லை.

பெருங்காயத்தை இன்னும் சொல்லவில்லையே என்று முன்வரிசை அக்கா பார்க்கிறார்கள். தாளிப்பில் பெருங்காயம், சீரகம், இஞ்சி, சாப்பிட்ட பின் ஓமத் தண்ணீர், இதெல்லாம் எங்கள் அம்மா செய்தது, நானும் செய்கிறேன், சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கிறது. ஆனால் பெருங்காயம் அந்தச் சர்க்கரையை உடைக்காது. ஊறவைக்காத மொச்சையில் ஒரு டப்பா பெருங்காயத்தைக் கொட்டினாலும் மொச்சை மொச்சைதான். கடையில் வாங்கும் தூளில் பாதிக்கு மேல் மாவும் பிசினும் இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சித்த வைத்தியத்தில் திரிதோட சமப்பொருட்கள், அதாவது வாதம், பித்தம், கபம் மூன்றையும் சமன்படுத்துபவை, என்று சொல்கிற பட்டியலில் பெருங்காயத்தோடு பூண்டும் இருக்கிறது. அந்தப் பூண்டும் வெங்காயமும் சிலருக்கு வாய்வைக் கிளப்பும், அவற்றில் ஃப்ரக்டான் என்று வேறொரு செரிக்காத பொருள் உண்டு. பூண்டுக் குழம்பு சாப்பிட்டு உப்புகிறவர் பருப்பைத் திட்டிக்கொண்டிருப்பார்.

காய்கறியில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை, கோஸைப் பச்சையாகச் சாலட் என்று தின்னாமல் பொரியலாக வதக்குங்கள், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயறே சாப்பிடாதவர் ஒரே நாளில் ஒரு கிண்ணம் சாப்பிடாமல் இரண்டு ஸ்பூனில் தொடங்கி வாரா வாரம் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்வேன். நெஞ்சை அடைக்கிறது, வியர்க்கிறது, இடது கை வலிக்கிறது, தாடை இழுக்கிறது என்றால் "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் பெருங்காயத்தை மோரில் கலக்கிக் குடித்துவிட்டு விடியட்டும் என்று இருந்தார், விடியவில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதற்கும் பெருங்காயத்திடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

கடைசி வரிசையில் ஒரு கேள்வி. கொட்டச் சொன்ன தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார். தாராளமாக ஊற்றுங்கள், அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். வாளியில் மறுநாள் வரை வைத்தால் அது புளித்துப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.