சூப்பர்வைசர் ஆகிவிட்டேன், யாரும் பேச்சைக் கேட்பதில்லையே?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகி மூன்று மாதம் ஆகிறது. வயதில் மூத்தவர்கள் என் பேச்சைக் கேட்பதே இல்லை. எப்படி வேலை வாங்குவது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை தம்பி. இதே கேள்வியோடு நானும் ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன்.

நம் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குக் கடைசிப் பந்தி ஞாபகம் இருக்கும். கல்யாண வீட்டுக்காரர் எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று பார்த்துவிட்டுத்தானே உட்காருவார்? அதையேதான் இன்றும் சொல்லப் போகிறேன்.

24 வயதில் ஒரு நூற்பாலையில் எனக்கு இரவு ஷிஃப்ட் பொறுப்பு. மூன்று மணிக்குத் தூக்குவாளியில் டீ வரும். முதல் டம்ளர் எனக்கு. ஒரு ராத்திரி ஒரு ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தில், இழைகள் வரிசையாக அறுகின்றன. நான் கத்துகிறேன், ஒருவரும் அசையவில்லை. மேஸ்திரி "வாங்கப்பா" என்றார். நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

அப்புறம்தான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் குடித்த பிறகு வாளியைச் சாய்த்து, அடியில் ஆறிக் கிடக்கும் டீயை வண்டலோடு ஊற்றிக்கொள்வார். தீபாவளி ராத்திரி டியூட்டிக்கு முதல் பெயர் அவருடையது. நான் போட்ட அட்டவணையில் எனக்கு லீவு!

துருவப் பயணத் தலைவர் ஷாக்கிள்டனைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். 1915இல் அண்டார்டிகாவில் அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியது. 28 பேர் பனித்தரையில் படுக்க வேண்டும். உள்ளே புகுந்து தூங்கும் ரோமத்தோல் படுக்கைப் பைகள் 18தான், மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கிள்டனுக்கும் பெரும்பாலான அதிகாரிகளுக்கும் கம்பளிப் பை. சாதாரண மாலுமிகளுக்கெல்லாம் கதகதப்பான ரோமப் பை. குலுக்கலில் தில்லுமுல்லு என்று ஒரு மாலுமியே சொன்னாராம். நடந்ததென்னவோ மாலுமிகளுக்குச் சாதகமான தில்லுமுல்லு! இதனால் எல்லோரும் கட்டுப்பட்டுவிடவில்லை. இரண்டே மாதத்தில், பனியில் படகுகளை இழுத்துக்கொண்டு போகும்போது, கப்பலின் தச்சர் 'இனி நடக்க மாட்டேன்' என்று நின்றார். ஆனாலும் 1916 ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த 28 பேரில் ஒருவர்கூடக் குறையாமல் மீண்டார்கள்.

நானும் கடைசி டம்ளருக்கு மாறினேன். உடனே ஒன்றும் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தீபாவளி ராத்திரி ஆலைக்குள் போய் நின்றேன். அதுவரை என்னிடம் முகம் கொடுத்தே பேசாத ஒரு பெரியவர் டிபன் டப்பாவைத் திறந்து, "அதிரசம், வீட்டில் சுட்டது, எடுத்துக்குங்க" என்று நீட்டினார்.

அதனால் தம்பி, எப்படி வேலை வாங்குவது என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் யூனிட்டில் டீ வந்தால் முதல் டம்ளர் யாருக்குப் போகிறது? ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.