கோயில் தொண்டா, வீட்டுக் கடமையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஹட்டன் மண்டபம் நிறைய வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நீண்ட காலம் வாழ்ந்து மறைந்த ஒரு கத்தோலிக்கப் பெரியவரை நம் நினைவில் நிறுத்துவது கோயில் தொண்டா, வீட்டுக் கடமையா என்பது இன்றைய கேள்வி. கோயில் தொண்டுதான் என்று பேசிய அக்கா, பாதர் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியதையும், திருவிழாவில் தேர் தூக்கியதையும், தோட்டத்து ஆட்களை மடு மாதா திருத்தலத்துக்குக் கூட்டிப்போனதையும் அழகாகச் சொன்னார். எங்கள் தாத்தாவும் இதையெல்லாம் செய்தவர். அப்படியிருந்தும் வீட்டுக் கடமைதான் என்று அடித்துச் சொல்கிறேன்.

1964ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் 30இல், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம்மைப் பற்றி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 21இல், உரோமையில் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. குடும்பத்தை அது 'வீட்டுத் திருச்சபை' என்றது. அங்கே குடும்பத்தைத் திருச்சபை என்று எழுதிய அதே நேரத்தில், இங்கே குடும்பங்களைப் பிய்த்து ரயில் கோச்சியில் ஏற்ற ஏற்பாடு நடந்தது!

தாத்தாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பலேறியது. வயதான தாயும் கல்யாணமாகாத தங்கச்சியும் தாத்தாவோடு தங்கிவிட்டார்கள். பெண்டாட்டி, பிள்ளைகள், தாய், தங்கச்சி, எல்லோருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பரா.

அந்தக் காம்பராவின் சாயங்காலத்தை அத்தை இன்றைக்கும் சொல்வார். பாட்டி பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு இருட்டோடு வருவார். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டும் மலையிலிருந்து முன்னாலேயே வந்த தாத்தா, அடுப்புப் பற்றவைத்து, தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே ஜெபமாலை சொல்வார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் மணி உருளும். 'அருள் நிறைந்த மரியே' பாதியில் பிள்ளை வீறிட்டால் ஜெபம் அங்கேயே நிற்கும், பிள்ளை தோளுக்கு ஏறும். மாதாவைக் காக்கவைத்துப் பிள்ளையைத் தூக்கியவர், நடுவர் அவர்களே. அந்த மாதாவும் ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்தானே?

பக்தி இல்லாமல் இந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்பார். சரி, பக்தியிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பக்தி உண்மையானது என்று எங்களுக்குக் காட்டியது எது? தேர் வருசத்துக்கு ஒருமுறை வரும். அடுப்பு தினமும் எரிய வேண்டும்.

இயேசுவை வளர்த்த சூசையப்பரையே பாருங்கள். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் செய்தது என்ன? ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றினார், தச்சு வேலை செய்து சோறு போட்டார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாள் ஆக்கினார். தோட்டத்தில் நாம் கொடி பிடித்துப் போகும் அதே மே தினம்! அக்கா சொல்லும் கோயிலே குடும்பத்துக்கு உழைத்தவரைத்தான் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது.

1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கேயே இருந்த நம் ஆட்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாத்தாவும் அதில்தான் இந்நாட்டுக் குடிமகன் ஆனார். நாடு அவரை ஏற்றுக்கொள்வதற்குள் அவர் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து, தாயை அடக்கம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரப்பிள்ளைகளையும் தூக்கிவிட்டார்.

தாத்தா இறந்த 31ஆம் நாள் பூசைக்குப் பிறகு ஊரார் பேசினார்கள். தேரைப் பற்றி ஒருவர் சொன்னார். மற்ற எல்லோரும் சொன்னது பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு அவர் பார்த்துக்கொண்ட விதத்தைத்தான்: கஞ்சி ஊட்டியது, தலை வாரிவிட்டது, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த ஊராரின் சாட்சியை ஏற்று, வீட்டுக் கடமையே என்று தீர்ப்புத் தாருங்கள், நடுவர் அவர்களே.