கான் பேபி கான்: பேட்ரிக்கின் முடிவு எங்கே எடுக்கப்பட்டது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் பேசவிருப்பது 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கான் பேபி கான்’ (Gone Baby Gone) என்ற ஹாலிவுட் திரைப்படம். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் காணொளியை இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்த பிறகு வாருங்கள்; நான் எங்கும் போய்விட மாட்டேன்.

நடிகர் பென் அஃப்லெக் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. டெனிஸ் லஹேன் 1998-இல் எழுதிய நாவலைத் தழுவியது. கதை நடப்பது பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில், உழைக்கும் வர்க்கத்தினர் நெருக்கமாக வாழும் தெருக்களில். அமாண்டா என்ற சிறுமி காணாமல் போகிறாள். காவல்துறையிடம் பேசாதவர்கள்கூட அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் வாய் திறப்பார்கள் என்ற நம்பிக்கையில், பேட்ரிக், ஆஞ்சி என்னும் இரு தனியார் துப்பறிவாளர்களைச் சிறுமியின் அத்தை அமர்த்துகிறார். பேட்ரிக்காக நடித்திருப்பவர் இயக்குநரின் தம்பி கேசி அஃப்லெக்.

சிறுமியின் தாய் ஹெலீன் போதைக்கு அடிமையானவள், பிள்ளையைக் கவனிக்காதவள், போதாக்குறைக்கு ஒரு போதைப்பொருள் வியாபாரியின் பணத்தைச் சுருட்டியவள். இந்தப் பாத்திரத்தை எமி ரயான் நடித்திருக்கும் விதம்தான் படத்தைத் தாங்கி நிற்கிறது. அதற்காக அவர் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். ஹெலீனை வெறுப்பதற்கு வேண்டிய அத்தனை காரணங்களையும் அவர் நம் கையில் கொடுத்துவிடுகிறார். ஆனால் தன் மகளை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடு என்று பேட்ரிக்கிடம் அவள் அழுது கேட்கும்போது, அந்த அழுகை நடிப்பென்று ஒதுக்கிவிடவும் நம்மால் முடிவதில்லை. பேட்ரிக் வாக்குக் கொடுக்கிறான்.

கடைசியில் தெரியவரும் உண்மை இது: அமாண்டா உயிரோடு இருக்கிறாள். அவளைத் தாயிடமிருந்து அகற்றத் திட்டமிட்டவர்களில் சொந்த மாமனும் உண்டு, காவல்துறையினரும் உண்டு. காணாமல் போகும் குழந்தைகளைத் தேடும் பிரிவின் தலைவராக இருந்து, தன் மகளையே கொலைக்குப் பறிகொடுத்த டாயில் என்பவரின் வீட்டில், அவள் செல்லப்பிள்ளையாக வளர்ந்துகொண்டிருக்கிறாள். டாயிலாக நடித்திருப்பவர் மார்கன் ஃப்ரீமேன். அவளை அங்கேயே விட்டுவிடுவதா, பெற்றவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதா? விட்டுவிடு என்கிறாள் ஆஞ்சி. பேட்ரிக் காவல்துறையை அழைக்கிறான். ஆஞ்சி அவனை விட்டுப் பிரிகிறாள்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். பேட்ரிக்கைச் சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிடிவாதக்காரன் என்று திட்டுபவர்கள் பலர். என்னுடைய கருத்து என்னவென்றால், அவனுடைய முடிவு டாயிலின் வீட்டு வாசலில் எடுக்கப்பட்டதே அல்ல. அது அதற்கு முன்பே, பெரும்பாலோர் கிளைக்கதையென்று கடந்துபோகும் ஒரு பகுதியில், எடுக்கப்பட்டுவிட்டது.

அமாண்டா இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பிய பிறகு, 7 வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்படுகிறான். குழந்தைகளைச் சீரழிக்கும் ஒருவன் பதுங்கியிருக்கும் வீட்டுக்குள் பேட்ரிக் நுழைகிறான். சிறுவன் ஏற்கெனவே கொல்லப்பட்டிருப்பதைக் காண்கிறான். மண்டியிட்டிருக்கும் அந்தக் கொலைகாரனைப் பின்னந்தலையில் சுடுகிறான். ஊர் அவனைப் பாராட்டுகிறது. ஆஞ்சியும் பெருமைப்படுகிறாள். திரையரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கும், உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பேட்ரிக்குக்கு மட்டும் அது ஆறவில்லை.

அடுத்து வரும் காட்சியைத் தயவுசெய்து மறுபடியும் பாருங்கள். எட் ஹாரிஸ் நடித்திருக்கும் ரெமி என்ற காவல் அதிகாரி, சக அதிகாரி சுடப்பட்ட துயரத்தில் குடித்துவிட்டு, மருத்துவமனைக்கு வெளியே நின்று பேசுகிறார். பிள்ளையை வதைத்த ஒருவனைச் சிக்கவைக்கத் தானே பொய்யான தடயத்தை வைத்ததை ஒப்புக்கொள்ளும் அவர், அதற்காகத் துளியும் வருந்தவில்லை. குழந்தைகள் விஷயத்தில் ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய நியாயம். அந்தக் கொலைகாரனை மறுபடியும் சுடுவாயா என்ற கேள்விக்குப் பேட்ரிக் மாட்டேன் என்கிறான். இத்தனைக்கும் செத்தவன் மீது அவனுக்கு இரக்கம் ஏதுமில்லை.

ஆக, டாயிலின் வீட்டுக்கு முன்னால் நிற்பவன் விதிகளை மட்டுமே அறிந்த அப்பாவி அல்ல. நல்ல நோக்கத்துக்காக வரம்பு மீறினால் அது மனிதனை என்ன செய்யும் என்பதைத் தன் கையாலேயே தெரிந்துகொண்டவன். டாயிலும் ரெமியும் மீறியதும் இதே வரம்பைத்தான். அந்தச் சிறுமியின் நலனுக்காக அவர்கள் நடத்திய நாடகத்தில் எத்தனை உயிர்கள் போயின என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்களது அன்பின் விலை தெரியும். பேட்ரிக் டாயிலிடம் சொல்வதன் சாரம் இது: அமாண்டா வளர்ந்து, தன்னைத் தாயிடம் திருப்பி அனுப்பியதற்காகக் குறை சொன்னால் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் கண்டுபிடித்த பிறகும் ஏன் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்காது. எனக்கு அந்த வாதம் போதுமானதாகவே படுகிறது.

ஆனால் இயக்குநர் என்னைப் போன்றவர்களையும் சும்மா விடவில்லை. மகள் திரும்பிய பிறகும் ஹெலீன் வெளியே கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்கூட ஏற்பாடு செய்யவில்லை. சிறுமியின் கையிலுள்ள பொம்மையைப் பார்த்து, தாய் சொன்ன பெயரான ‘மிராபெல்’ என்று பேட்ரிக் கூப்பிட, ‘அனபெல்’ என்று அவள் திருத்துகிறாள். பொம்மையின் பெயர்கூடப் பெற்றவளுக்குத் தெரியவில்லை. பேட்ரிக் சரி என்று வாதிடும் நான், இந்தக் காட்சிக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

குறையென்றால் ஒன்று உண்டு. கதையின் எதிர்வாதம் முழுவதையும் சுமக்க வேண்டிய ஆஞ்சிக்குப் படம் போதிய வசனமே தரவில்லை. ஆஞ்சியாக நடித்திருக்கும் மிஷெல் மோனகன் பாதிப் படத்தில் பேட்ரிக்குக்குப் பக்கத்தில் வெறுமனே நிற்கிறார்.

இன்னொரு செய்தி. 2007 மே மாதம் போர்ச்சுகலில் ஒரு பிரிட்டிஷ் சிறுமி காணாமல் போன வழக்கு பெரும் பரபரப்பாக இருந்ததால், பிரிட்டனில் இந்தப் படத்தின் வெளியீட்டை 2008 ஜூன் வரை தள்ளிவைத்தார்கள். மேலும், அமாண்டாவின் கதையை லஹேன் அத்தோடு விடவில்லை. 2010-இல் வெளிவந்த ‘மூன்லைட் மைல்’ நாவலில் 16 வயதான அமாண்டா மறுபடியும் காணாமல் போகிறாள். தேடும் பொறுப்பு மறுபடியும் பேட்ரிக் தலையில்தான் விழுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு ஆஞ்சியின் பக்கம் சேர்ந்தவர்கள், அந்த நாவலை எடுத்துப் படித்துப் பாருங்கள்.